தலைவர் அடித்த பந்து

எங்கள் குடிநீர் வாரியத்தில் நான் சுருக்கெழுத்தர். தலைவர் எங்கே போனாலும் நோட்டும் பென்சிலுமாகப் பின்னால் போக வேண்டும். அவர் சொன்னதை எழுதுவது பாதி வேலை. அவர் சொல்லியிருக்க வேண்டியதை எழுதுவது மீதி வேலை. ஊருக்கு நாலு நாளைக்கு ஒரு முறை தண்ணீர் விடுகிற வாரியம் எங்களுடையது. அந்த நாலு நாளை மூன்றாக்க வழி உண்டா என்று ஒரு கூட்டத்தில் விவரம் தெரியாத ஆள் ஒருவர் கேட்டுவைத்தார். அந்தக் கேள்வியின் விளைவாகத்தான் நாங்கள் ஐந்து பேர் கோல்ஃப் ஆட வெளிநாடு போனோம்.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. கோப்பில் எல்லாம் முறைப்படி இருக்கிறது. கோல்ஃப் மைதானம் என்றால் கண்ணுக்கெட்டியவரை புல். அந்தப் புல் வருஷம் முழுக்கப் பச்சையாக இருக்கிறது என்றால் யாரோ தண்ணீர் விடுகிறார்கள். எப்படி விடுகிறார்கள் என்று வாரியம் பார்க்க வேண்டாமா? 'புல்வெளி நீர் மேலாண்மை: நேரடிக் கள ஆய்வு, எட்டு நாள், மூன்று மைதானங்கள்' என்று குறிப்பு தயாரித்தவர் எங்கள் நிர்வாக அதிகாரி மேடம். புல்லை நின்று பார்ப்பதைவிட நடந்து பார்ப்பது நல்லது, வெறுமனே நடப்பதைவிட ஒரு பந்துக்குப் பின்னால் நடந்தால் கவனம் சிதறாது என்று இரண்டாம் பத்தியில் எழுதியிருந்தார். அந்தப் பத்தியை இன்றைக்கும் நான் பொறாமையோடு எடுத்துப் படிப்பதுண்டு.

தலைவர், தலைமைப் பொறியாளர், மேடம், நான். ஐந்தாவது ஆள் வால்வுக்காரர்.

வெளிநாட்டு ஆய்வுக்குப் போகும் குழுவில் களப்பணியாளர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்று எந்தக் காலத்திலோ யாரோ ஒரு நல்லவர் விதி எழுதிவிட்டுச் செத்துப்போனார். வழக்கமாகத் தலைவரின் மைத்துனரைக் களப்பணியாளராகக் காட்டிச் சமாளித்துவிடுவோம். இந்த முறை மைத்துனருக்கு முதுகுவலி. யாரைப் போடலாம் என்று தலைவர் அறையை விட்டு வெளியே வந்தபோது வாசலில் ஒரு ஆள் மனுவோடு நின்றிருந்தார். அந்தப் பதவிக்கு நடந்த தேர்வு முறை அவ்வளவுதான்.

அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. மலைமேல் இருக்கும் நீரேற்று நிலையத்தில் இருபத்தாறு வருஷமாக வால்வு திறந்து மூடுகிறார். இடுப்பளவு நீளமுள்ள இரும்புச் சாவியைத் தரைக்குள் விட்டுத் திருகுகிற வேலை. தோளும் மணிக்கட்டும் கர்லாக்கட்டை மாதிரி இருக்கும். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் மனைவிக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறல். வீடு இருக்கிற ஊர் மலையிலிருந்து ஒன்பது மணி நேரப் பேருந்துப் பயணம். கூட இருந்து பார்த்துக்கொண்டவள் மனைவியின் தங்கை. அவள் புருஷனுக்கு வெளியூரில் வேலை கிடைத்து, வருகிற முதல் தேதி காலையில் அவளும் கிளம்ப வேண்டும். அதற்குப் பிறகு அந்த அம்மாளுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கக்கூட ஆளில்லை. மலைமேல் கூட்டிக்கொண்டு போகலாம் என்றால் நிலையத்து அறைக்கு எண்பது படி ஏற வேண்டும். அவருடைய சொந்த ஊரில் வால்வுக்காரர் பணியிடம் மூன்று வருஷமாகக் காலி. வேண்டியது தலைவரின் ஒரே ஒரு கையெழுத்து.

"அட, இதுக்குத்தானாய்யா மூணு வருஷமா நிக்கிற?" என்று தலைவர் தோளில் தட்டினார். "வா, எங்ககூட வா. அங்க போயி நிம்மதியா உக்காந்து படிச்சுப் பாத்துட்டுப் போட்டுர்றேன். இங்க எங்க நேரம்?"

வால்வுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. மனுவைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைக்குள் வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொண்டார். ராத்திரி பகல் அது அங்கேதான் இருந்தது.

முதல் மைதானம் கடலோரம். வாசலிலேயே ஒரு பலகை: காலர் இல்லாத சட்டைக்கு அனுமதியில்லை, கணுக்காலை மூடாத காலுறைக்கு அனுமதியில்லை, சத்தமாகச் சிரிப்பது விரும்பத்தக்கதல்ல. தலைவர் அதை நின்று முழுக்கப் படித்துவிட்டு, "இதுதான்யா நிர்வாகம்" என்று மேடத்திடம் சொன்னார். மேடம் அதன் நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இப்போது எங்கள் அலுவலகத்தில் குழாய்ப் புகார் கொடுக்கிற கவுண்டருக்கு மேலே அது தொங்குகிறது.

ஆட்டம் தொடங்கியது. குழியிலிருந்து தூரத்தில் கிடக்கும் பந்தை முதலில் அடிக்க வேண்டும் என்பது உலக விதி. எங்கள் வாரியத்தில் செல்லுபடியாவது பணிமூப்புப் பட்டியல். தலைவர் முதலில் அடிப்பார். அவர் பந்து எங்கே நிற்கிறதோ அதைத் தாண்டி யார் பந்தும் போகக் கூடாது. தலைவர் ஓங்கி அடித்தார். பந்து ஒன்பதடி போனது. தலைமைப் பொறியாளர் எட்டடி அடித்தார். மேடம் ஏழடி. தலைமைப் பொறியாளரைச் சும்மா சொல்லக் கூடாது. மனிதர் கல்லூரிக் காலத்திலேயே நன்றாக ஆடியவர்; அந்த எட்டடிக்காக ஒரு மாதம் வீட்டு மொட்டைமாடியில் பயிற்சி எடுத்திருந்தார். ஒருமுறை கடல்காற்று தள்ளி அவர் பந்து தலைவர் பந்தை அரையடி முந்திவிட்டது. ஓடிப்போய்க் காலால் பின்னுக்குத் தள்ளிவிட்டு, "காத்துக்கு மரியாதை தெரியல சார்" என்றார். தலைவர் பெருந்தன்மையாக மன்னித்தார்.

முதல் குழிக்கு இரண்டே கால் மணி நேரம் ஆனது. எங்களுக்குப் பின்னால் ஆடக் காத்திருந்தவர்களின் வரிசை கடற்கரை வரை நீண்டது. ஊரில் தண்ணீர் லாரிக்கு நிற்கிற வரிசை மாதிரியே இருந்ததால் எங்களுக்கு வித்தியாசமாகப் படவில்லை. மூன்று மூட்டை மட்டைகளையும் வால்வுக்காரர்தான் சுமந்தார். ஒவ்வொரு குழி முடிந்ததும் தலைவர் பக்கத்தில் போய்ச் சட்டைக்குள் கைவிடுவார்.

"ஐயா, அந்த மனு..."

"யோவ், பந்து கிடக்கிற கிடையப் பாரு. இப்பவா?"

குழியைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். பதினெட்டுக் குழிதான் மொத்தம் என்று கேட்டதும் தலைமைப் பொறியாளருக்குச் சப்பென்று போய்விட்டது. எங்கள் வாரியம் ஒரே தெருவில் நாற்பது தோண்டிப்போட்ட வாரியம்.

சாப்பாடும் ஆய்வில் சேர்த்திதான். மைதானத்து மாளிகையில் மர மேசை, வெள்ளை விரிப்பு, ஒவ்வொருவர் முன்னாலும் நாலு கத்தி, நாலு முள்கரண்டி. கோட்டும் டையும் இல்லாதவர்களுக்கு உள்ளே இடமில்லை. வால்வுக்காரருக்குக் கோட்டு கிடையாது. அவரைச் சமையலறைப் பின்படியில் உட்காரச் சொன்னார்கள். உள்ளே, தலைவர் ஒரு பதார்த்தத்தை நன்றாயிருக்கிறது என்று சொல்லும்வரை வேறு யாரும் சொல்லக் கூடாது என்பது எங்கள் வழக்கம். காளான் சூப் வந்தது. அப்படி ஒரு சூப்பை என் ஆயுளில் குடித்ததில்லை. இரண்டாவது கரண்டியைத் தூக்கும்போது தலைவர், "ஆறிப்போச்சு" என்றார். உடனே தலைமைப் பொறியாளரின் சூப் ஆறிப்போனது. மேடத்தின் சூப் ஆறிப்போனது. ஆவி பறக்கிற என் கிண்ணத்தையும் நான் தள்ளிவைத்தேன். வெண்ணெயில் பொரித்த மீன் வந்தது. தலைவருக்கு முள் பயம். அதுவும் போனது. அடுப்பில் வாட்டிய உருளைக்கிழங்கு மட்டும் தேறியது.

திருப்பி அனுப்பியதெல்லாம் பின்படிக்குத்தான் போனது. நாலு சூப், நாலு மீன். சமையல்காரர்கள் வற்புறுத்திச் சாப்பிட வைத்தார்களாம். நான் கை கழுவப் போனபோது வால்வுக்காரர் மீனைத் தட்டில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த மாதிரி முள்ளு எடுத்துக் குடுத்தா அவ சாப்பிடுவா சார். தொண்டையில சிக்காது" என்றார். எனக்கு அப்போது பசி. எரிச்சலாக இருந்தது.

ஐந்தாம் நாள், இரண்டாவது மைதானத்தில்தான் அந்தச் சனியன் பிடித்தது. அங்கே ஒரு குறுந்தூரக் குழி. நடுவில் குளம், குளத்துக்கு அந்தப்பக்கம் மேட்டில் கொடி, நூற்றைம்பது கஜத்துக்குக் குறையாது. நாங்கள் மூன்று பந்துகளைக் குளத்துக்குக் காணிக்கையாக்கி முடித்திருந்தோம். மேடம் குறிப்பேட்டைப் புரட்டிவிட்டு, "சார், களப்பணியாளர் நேரடியாப் பங்கேற்ற மாதிரி ஒரு போட்டோ அறிக்கையில வைக்கணும்" என்றார். வால்வுக்காரர் கையில் ஒரு மட்டையைக் கொடுத்தார்கள். கேமரா என்னிடம்.

"சும்மா தண்ணிக்குள்ள தட்டி விடுய்யா" என்றார் தலைவர். "தண்ணிய எங்க விடணும்னுதான் உனக்குத் தெரியுமே."

வால்வுக்காரர் மட்டையை வாங்கிக் கீழே பார்த்தார். பிறகு, இருபத்தாறு வருஷமாக வால்வுச் சாவியைப் பிடிக்கிற பிடியில் பிடித்தார். இடுப்பிலிருந்து ஒரு திருகு. டக் என்று ஒரு சத்தம். பந்து குளத்தைத் தாண்டியது, மேட்டில் விழுந்தது, பிறந்த வீட்டுக்குப் போகிற பெண்மாதிரி வழி கேட்காமல் உருண்டு கொடியடியில் இருந்த குழிக்குள் போய்விட்டது.

 எங்களுக்குப் பின்னால் காத்திருந்த பன்னிரண்டு வெளிநாட்டுக்காரர்களும் குதித்தார்கள். சிரிப்பது விரும்பத்தக்கதல்ல என்பதெல்லாம் காற்றில் போனது. ஒருவர் வால்வுக்காரரைக் கட்டிப்பிடித்தார். மாளிகையில் மணி அடித்தது. வால்வுக்காரர் நடுங்கிப்போய், "ஐயா, மன்னிச்சிருங்க, கை தவறிருச்சு" என்று தலைவரின் காலைத் தேடினார்.

தலைவரின் முகத்தை நான் போட்டோ எடுக்கவில்லை.

மாளிகைக்குத் திரும்பினால் அந்த மைதானத்துச் செயலாளர் தயாராக நின்றிருந்தார். விறைப்பான காலர், அதைவிட விறைப்பான கழுத்து. ஒரே அடியில் குழிக்குள் போட்டவர்களின் பெயரை எழுதுகிற மரப்பலகை அங்கே நூறு வருஷமாக இருக்கிறதாம். பக்கத்தில் தங்க மைக்கிண்ணமும் தூரிகையுமாக ஒரு ஆள். பெயர் என்ன என்று கேட்டார் செயலாளர்.

"என் பெயர்தான்" என்றார் தலைவர்.

செயலாளர் புருவத்தைத் தூக்கினார். பன்னிரண்டு பேர் வேறு மாதிரி சொல்கிறார்களே என்றார். தலைவர் எழுந்து நின்று பேசினார். நான் எழுதிக்கொண்டேன். அப்படியே தருகிறேன்:

"வாரியத்துல எந்தக் கை வேலை செஞ்சாலும் அது தலைவர் கைதான். இவன் வால்வத் திறந்தா 'தலைவர் தண்ணீர் வழங்கினார்'னுதான் பேப்பர்ல வருது. முப்பது வருஷத்துல ஒரு நாளாவது 'வால்வுக்காரர் தண்ணீர் வழங்கினார்'னு வந்திருக்கா? தண்ணி வராத அன்னைக்குத்தான் அவன் பேரு வரும். பந்துக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்?"

செயலாளர் இதைக் கவனமாகக் கேட்டார். எங்கள் தலைவரை அவருக்குப் பிடித்துவிட்டது என்று நினைக்கிறேன். யார் அடித்தார்கள் என்பது மைதானத்தின் கவலை இல்லை என்றார். எழுதும் பெயருக்கு ஆதாரமாக ஒரு காகிதம் இருந்தால் போதும், காகிதம் இல்லாமல் அந்தப் பலகையில் ஒரு பெயரும் ஏறியதில்லை என்றார்.

காகிதம்தானே! மேடத்துக்கு உயிர் வந்தது. சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்து வால்வுக்காரரின் வாக்குமூலத்தை மேடம் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

"'பந்தை நான் அடிக்கவில்லை.' எழுதிட்டீங்களா? இல்ல, இது பத்தாது. அடிக்கலன்னா மட்டை ஏன் கையில இருந்துச்சுன்னு கேப்பாங்க. 'மட்டையை நான் தொடவில்லை'னு போடுங்க. தொடலன்னா பக்கத்துல ஏன் நின்னான்னு வரும். 'மைதானத்தில் நான் இல்லை.' அன்னைக்கு இல்லைன்னா வேற என்னைக்கு இருந்தான்? சந்தேகத்துக்கே இடம் குடுக்கக் கூடாது. 'மேற்படி எட்டு நாட்களும் ஆய்வுக் குழுவோடு நான் எங்கும் செல்லவில்லை.' ஆங், இப்பத்தான் முழுசா இருக்கு."

அந்தக் கடைசி வரியை எழுதும்போதே எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷமாக இந்த மாதிரி வரிகளை எழுதுகிறவன். எது எங்கே போய்க் கடிக்கும் என்று தெரியாதவனில்லை. சொல்லியிருக்கலாம். ஆனால் அப்போதுதான் வறுத்த ஆட்டிறைச்சியைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள், தலைவரும் வாசனை பிடித்து, "நல்லாருக்கும் போலிருக்கே" என்று சொல்லிவிட்டார்.

வால்வுக்காரரைப் பின்படியிலிருந்து அழைத்தார்கள். காகிதத்தை வாசித்துக் காட்டினேன். அவர் என்னையும் தலைவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆனா நான் வந்திருக்கேனே சார்? இந்தா, நிக்கிறேனே?"

"நிக்கிறய்யா, யாரு இல்லைன்னா?" என்றார் தலைவர். "எல்லாம் ஒரு பேச்சுக்குத்தான். எங்க உன் மனு? குடு. நீ அதுல போடு, நான் இதுல போடுறேன்."

சட்டைக்குள்ளிருந்து உறை வெளியே வந்தது. ஐந்து நாள் வியர்வையில் ஓரம் பழுத்திருந்தது. வால்வுக்காரர் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டார். தலைவர் பச்சை மையில், வாலை நீட்டிச் சுழித்து, இடமாற்றத்தில் கையெழுத்துப் போட்டார். வாக்குமூலத்தின் அசல் செயலாளருக்கு, நகல் கோப்புக்கு. தூரிகைக்காரர் தலைவரின் பெயரைத் தங்க எழுத்தில் எழுதினார். எல்லாரும் கைதட்டினார்கள். வால்வுக்காரர்தான் பலமாகத் தட்டினார்.

உடனே என் போனை வாங்கி ஊருக்குப் பேசினார். "கையெழுத்து ஆயிருச்சு, அக்காகிட்ட சொல்லு, முப்பதாம் தேதி சாயங்காலம் வந்துருவேன், இனிமே அங்கதான்" என்று கத்தினார். போனை மனைவியின் காதில் வைத்திருப்பார்கள் போலிருக்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து வார்த்தையாகாத ஒரு சத்தம் வந்தது. "சிரிக்கிறா சார்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அங்கேயே, வெள்ளை விரிப்புப் போட்ட மேசைக்குப் பக்கத்தில், அழுதார். பரிசாரகர் வந்து இது சாப்பாட்டுக் கூடம் என்று நினைவூட்டினார்.

மூன்றாவது மைதானத்தில் மழை. சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

முப்பதாம் தேதி காலை பத்து மணிக்கு வால்வுக்காரர் தலைமை அலுவலகத்துக்கு வந்தார். சவரம் செய்து, பையோடு, நேரே பேருந்து நிலையம் போகிற கோலத்தில். அவரை மலையிலிருந்து விடுவிக்கும் உத்தரவில் மேடத்தின் முத்திரை மட்டும் பாக்கி. மேடம் கோப்பைத் திறந்து வாக்குமூலத்தின் நகலை எடுத்து வைத்தார்.

"ஆய்வுக் குழுவோட நீ போகலைன்னு உன் கையெழுத்து இருக்கு. மலையிலயும் நீ இல்ல. அப்ப எட்டு நாள் எங்கப்பா போயிருந்த?"

வால்வுக்காரர் சிரித்தார். விளையாடுகிறார் என்று நினைத்திருப்பார். "என்ன மேடம், உங்க பையத் தூக்கிட்டு வந்தேனே! பாஸ்போர்ட்டுல முத்திரைகூட இருக்கு, பாருங்க."

"முத்திரை இருக்குன்னா பொய் வாக்குமூலம் குடுத்திருக்கன்னு அர்த்தம். அதுக்கு வேலையே போயிரும். எதுன்னு நீயே சொல்லு."

சொல்லாமல் வேலைக்கு வராமல் இருந்ததாகக் குற்றக் குறிப்பாணை தயாரானது. குற்றச்சாட்டு நிலுவையில் இருக்கிற ஊழியருக்கு இடமாற்றம் கிடையாது. விசாரணை முடிய ஒன்றரை வருஷம் ஆகும், சாட்சிகள் ஒத்துழைத்தால். தட்டச்சு செய்தது நான்தான். பிழை ஒன்றுமில்லை.

தலைவர் தன் அறைக்கு அழைத்து உட்காரச் சொன்னார். கடைநிலை ஊழியரை அந்த நாற்காலியில் உட்கார வைத்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"என் மேல வருத்தப்படாத. கையெழுத்துப் போடுறேன்னு சொன்னேன், போட்டேனா இல்லையா? இன்னைக்கும் அந்த உத்தரவு அப்படியே இருக்கு, நான் ரத்து பண்ணல. குறிப்பாணையிலயும் போட்டிருக்கேன். அதுக்காக இது பொய்யாயிருமா? ரெண்டு கையெழுத்தும் என்னுதுதான், ஒண்ணுக்கு ஒண்ணு குறைஞ்சதில்ல. இதுல பெரிய குற்றத்த விட்டுட்டுச் சின்னக் குற்றமா எடுக்கச் சொன்னதே நான்தான். மேடத்தக் கேட்டுப் பாரு."

"ஐயா, நாளைக்குக் காலையில என் மச்சினி போயிருவா" என்றார் வால்வுக்காரர். "என் வீட்டுக்காரியால எந்திரிக்க முடியாதுய்யா. குற்றம் எதுவா வேணா இருந்துட்டுப் போகட்டும். என்னைய வீட்டுக்கு மட்டும் விடுங்கய்யா."

"லீவு கேக்குறியா? வராம இருந்ததுக்கு விசாரணை நடக்கும்போது லீவு குடுத்தா என்னய்யா நினைப்பாங்க?" தலைவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "இன்னைக்கு ராத்திரி தண்ணி விடுற முறை. மலைக்குப் போயிச் சேரு. ஒரு லட்சம் குடும்பம் உன்ன நம்பி இருக்கு."

வால்வுக்காரர் வெளியே வந்து நடைவழியில் நின்றார். பையைக் கீழே வைக்கவில்லை. குறிப்பாணையைப் பெற்றுக்கொண்டதற்கு நான் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது, நீட்டினேன், போட்டார். பேனாவை மூடித் திருப்பித் தந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. அதையும் இங்கே எழுதிவைக்கிறேன், எந்தக் கோப்பிலும் அதற்கு இடமில்லை.

"சார், வீட்டுக்கு நீங்க பேசிச் சொல்லிருங்க" என்றார். "அவ சிரிச்சா சார் அன்னைக்கு. என்னால சொல்ல முடியாது." மலைப் பேருந்து நிற்கிற பக்கமாக நடந்து போனார்.

மதியச் சாப்பாட்டுக்கு முன் பேசிவிடலாம் என்று போன் போட்டேன். முதல் மணியிலேயே மச்சினி எடுத்தாள்.

"சார், மாமா கிளம்பிட்டாரா? அக்கா விடிகாலையிலயே எழுப்பி விட்டுட்டாங்க. தலைக்கு ஊத்தி, புதுச் சேலை கட்டி விட்டேன். நாற்காலிய வாசல்ல போடுன்னு கையக் காட்டி ஒரே அடம். வெயில் வந்துருச்சு, உள்ள வாங்கன்னா வர மாட்டேங்குறாங்க. எத்தன மணிக்கு வருவாருன்னு கேட்டுச் சொல்லுங்க சார், அதுவரைக்கும் உள்ள படுக்க வைக்கிறேன்."

நோட்டும் பென்சிலும் என் முன்னால் இருந்தன. 'பரிசீலனையில் உள்ளது', 'ஆவன செய்யப்படும்' என்று எத்தனையோ இருக்கிறது, ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

"கிளம்பிட்டாரும்மா" என்றேன். "சாயங்காலம் வந்துருவாரு."

என் உத்தியோகத்தில் நான் எழுதாமல் சொன்ன பொய் அது ஒன்றுதான்.